எம்பதி: அனுதாபமா, ஒத்துணர்வா?

பிறர் நிலைக்குள் புகுந்து அவர் உணர்வதை உணர முயல்வதை ஆங்கிலத்தில் 'எம்பதி' (empathy) என்பார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? 'எம்பதி' கிரேக்கக் காலத்துச் சொல் போலத் தோன்றும். ஆங்கிலத்துக்கு அது வந்து நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஓவியத்தையோ சிற்பத்தையோ பார்ப்பவர் தம் உணர்வை அதற்குள் செலுத்துவதை 1873இல் ஜெர்மானியரான ராபர்ட் ஃபிஷர் 'ஐன்ஃபூலுங்' என்றார். உட்புகுந்து உணர்தல் என்று பொருள். தியோடர் லிப்ஸ் அதை மனிதர் மனிதரைப் புரிந்துகொள்வதற்கும் விரித்தார். 1909இல் உளவியலாளர் எட்வர்ட் டிட்ச்னர் அதற்கு ஈடாகக் கிரேக்க வேர்களைக் கொண்டு 'எம்பதி'யை அமைத்தார். 'எம்' என்றால் உள்ளே. இரக்கத்தைக் குறிக்கும் 'சிம்பதி'யின் 'சிம்' என்றால் உடன்.

தமிழில் பலரும் முதலில் எடுப்பது அனுதாபம், அடுத்தது பச்சாதாபம். இரண்டும் வடமொழியில் செய்ததற்கு வருந்துவதைக் குறித்தவை. தமிழில் பிறர்மேல் கொள்ளும் இரக்கமாகிவிட்டன. இரக்கம் பெரும்பாலும் மேலிருந்து கீழே பார்க்கும். பரிவில் அந்தக் குறை இல்லை, ஆனால் அது அன்பின் பக்கம் சாய்ந்தது; எதிராளியின் நிலையை அறிவால் எட்டும் முயற்சி அதில் தெரியாது. இன்று பரவலாக வழங்கும் ஒத்துணர்வே பொருத்தம். 'ஒத்து' என்பது 'உனக்கு நேர்ந்ததே எனக்கும்' என்று படக்கூடும் என்பது ஒரு நெருடல். அதற்கு விடை குறளில் (315) இருக்கிறது: 'பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை', அதாவது பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் கருதாவிட்டால். அந்தப் 'போல்' முக்கியம். பிறர் நோய் தன் நோய் ஆகிவிடுவதில்லை.

கருத்து வேறுபாட்டோடு ஒன்றாக வழிபடுவோருக்கு இந்த ஒத்துணர்வு சொல்லாராய்ச்சி மட்டுமல்ல, நடைமுறைச் சிக்கல். அமெரிக்காவில் யூனிடேரியன், யுனிவர்சலிஸ்ட் என்ற இரு தாராளவாதச் சமய அமைப்புகள் 1961இல் இணைந்து உருவான சங்கத்தில் எல்லோரும் ஏற்றாக வேண்டிய நம்பிக்கை அறிக்கை கிடையாது. இறைமறுப்பாளர், கிறிஸ்தவர், பௌத்தர் ஒரே சபையில் உட்காருவார்கள். அவர்களைப் பிணைப்பது உடன்படிக்கை, அதாவது ஒருவரை ஒருவர் எப்படி நடத்துவோம் என்ற வாக்கு. 2024இல் திருத்திய சாசனம் அன்பை நடுவில் வைத்து, பன்மையையும் விழுமியங்களில் ஒன்றாகச் சொல்கிறது.

அந்த வாக்கைப் பழக்கமாக்கும் இடம் சபைக்குள் கூடும் சிறுகுழு. எட்டு, பத்துப் பேர்; ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். விளக்கேற்றித் தொடங்கி, ஒருவர் மூன்று நான்கு நிமிடம் பேசுவார்; மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. அவர் முடித்ததும் சிறு மௌனம், பிறகே அடுத்தவர். எல்லோரும் பேசிய பின்தான் மறுமொழிச் சுற்று. அதிலும் அறிவுரைக்கு இடமில்லை. 'நீங்கள் சொன்னதில் என் காதில் விழுந்தது இது, சரியா?' என்று கேட்கலாம். 'சரியா?' என்பதை விட்டுவிட்டால் மீதி வெறும் தீர்ப்பு.

எந்தக் குழுவானாலும் வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒருவர் தம் மகனின் மரணத்தைச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் 'எனக்குத் தெரியும், என் தந்தை போனபோது...' என்று தொடங்குகிறார். நோக்கம் நல்லதுதான், ஆனால் பேச்சு கைமாறிவிட்டது. இன்னொன்று 'எல்லா மதமும் ஒன்றுதானே' என்பது. கேட்க இனிமையாக இருந்தாலும், தன் நெறியை நுணுக்கமாகப் பேணுபவரை வாயடைக்கும். மூன்றாவது, குழுவில் வேறுபட்டிருக்கும் ஒரே ஆளிடம் 'உங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது. அவர் பேச வந்தது தம்மைப் பற்றி, தம் கூட்டத்தின் தூதராக அல்ல.

இங்கேதான் கூட வர வேண்டிய சொல் 'ஹியூமிலிட்டி'. மண்ணைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. கிறிஸ்தவத் தமிழில் தாழ்மை என்பார்கள். பொது வழக்கில் பணிவு, தன்னடக்கம். தன்னடக்கம் தன் பெருமையைச் சொல்லாமலிருப்பது. அது இங்கே போதாது. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று தன்னைக் குறைத்துப் பேசுவதும் பணிவல்ல. கூட்டம் அவரைத் தேற்றத் திரும்பிவிடும். 'நான் புரிந்துகொண்டது தவறாக இருக்கலாம்' என்று இடம் விடுவதே வேண்டிய பணிவு. பெரும்பான்மைக் கருத்துடையவரிடம் இது கூடுதலாகவே தேவை.

எழுதும்போது 'ஒத்துணர்வுடன் கேட்டார்', 'ஒத்துணர்வு கொண்டார்' என்பன இயல்பு. 'ஒத்துணர்வு செய்தார்' ஒட்டாது. துக்கம் கேட்கும் இடத்தில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' இருக்கட்டும். அது வேறு வேலைக்கான சொல்.