சாண்டோரினியில் ஒரு பகல்: கடைசிப் படகிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் செல்லும் சிறு குழுக்களுடன் வழிகாட்டியாகப் போவது என் தொழில். என்னுடன் வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்த தம்பதிகள். பிள்ளைகள் பணம் கட்டி அனுப்பியிருப்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் பயண அட்டவணையில் 'சாண்டோரினி: பகல் 1 முதல் இரவு 9 வரை' என்று அச்சாகியிருக்கும். எட்டு மணி நேரம் இருக்கிறதே என்று, இணையத்தில் பார்த்த ஐந்தாறு இடங்களை அதற்குள் அடுக்கிக்கொண்டு வருவார்கள். அந்த எட்டு மணி நேரம் கப்பல் நிற்கும் நேரம். கரையில் நமக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம்கூட இல்லை.

ஏன் என்பதைத் தீவின் அமைப்பே சொல்லும். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் இங்கே வெடித்த எரிமலை தீவின் நடுப்பகுதியை விழுங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில்தான் இன்று கடல் நிற்கிறது. சில இடங்களில் ஆழம் 300 மீட்டருக்கும் அதிகம். பெரிய கப்பல் வந்து ஒட்டி நிற்கும் துறை, தீவின் முக்கிய நகரமான ஃபிராவின் அடியில் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும், உள்ளூர்ப் படகுக்காரர்களின் டெண்டர் படகுகள் வந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும். கப்பல் நிறுவனத்திடம் சுற்றுலா வாங்கியவர்களுக்குத்தான் முதல் படகுகள். மற்றவர்கள் எண் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளேயே காத்திருக்க வேண்டும். ஒரு மணிக்குக் கப்பல் நின்றால், தனியாகப் போகிறவர் ஃபிராவின் அடியில் படகுகள் மட்டும் ஒதுங்கும் பழைய துறைமுகத்தில் கால் வைக்க இரண்டு மணி ஆகிவிடுவது சாதாரணம்.

கால் வைத்த பிறகும் ஊர் வந்துவிடாது. ஃபிரா நகரம் தலைக்கு மேல் 200 மீட்டருக்கும் உயரமான செங்குத்துப் பாறையின் விளிம்பில் இருக்கிறது. மேலே போக மூன்று வழிகள்: கேபிள் கார், கழுதை, 588 படிகள்.

முதலில் கேபிள் கார். பயணம் மூன்றே நிமிடம். ஆனால் ஒரு முறைக்குச் சில டஜன் பேருக்குத்தான் இடம். ஒரே நேரத்தில் மூன்று நான்கு கப்பல்கள் நின்றால் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஏறும்போது நீளும் வரிசை இறங்கும்போது இன்னும் நீளும். ஏறுகிறவர்கள் பிரிந்து பிரிந்து வருகிறார்கள், இறங்குகிறவர்களோ எல்லோரும் கடைசிப் படகை நோக்கி ஒரே நேரத்தில் வருகிறார்கள். தீவின் நிலையான மக்கள்தொகையே சுமார் 15,000தான். ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகளுக்கு மேல் வரக்கூடாது என்று உள்ளூர் நிர்வாகம் வரம்பு வைத்திருந்தும், நெரிசலான நாட்களில் அந்தச் சிறு துறை திணறிப்போகிறது. உங்கள் கப்பல் வரும் நாளில் வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதை இணையத்தில் உள்ள துறைமுக அட்டவணைகளில் முன்பே பார்த்துவிடலாம். பயணத்தைப் பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லோரையும் கேட்டுக்கொள்வேன்.

கழுதைச் சவாரியை என் குழுவினருக்கு நான் ஏற்பாடு செய்வதில்லை. கேட்டாலும் செய்வதில்லை. 100 கிலோவுக்கு மேல், அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமையேற்றக் கூடாது என்று 2018-இல் கிரேக்க அரசு விதி கொண்டுவந்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதிலிருந்தே நிலைமை புரியும். நிழலே இல்லாத படிகளில், கோடை வெயிலில், நாள் முழுவதும் ஏறி இறங்கும் அந்த உயிர்களைப் பார்த்தால் யாருக்கும் மனம் வராது. படிகளில் நடப்பதும் முதியவர்களுக்கு ஏற்றதல்ல. தேய்ந்து வழவழப்பான கற்கள், அவற்றின் மேல் சாணம், எதிரே கூட்டமாக இறங்கி வரும் கழுதைகள். ஒதுங்க இடமும் குறைவு. முழங்கால் நன்றாக இருப்பவர்கள் இறங்குவதற்கு மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே திட்டத்தைக் கடைசிப் படகிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கப்பல் ஒன்பதுக்குப் புறப்படுகிறது என்றால் கடைசி டெண்டர் எட்டு மணிக்கு என்று கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும். எட்டு மணிப் படகைப் பிடிக்க ஆறரைக்குக் கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். தீவின் வடமுனையில் உள்ள இயா ஊரில் இருந்தால் ஐந்தரைக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும். இயாவுக்கும் ஃபிராவுக்கும் 11 கிலோமீட்டர்தான், பஸ் அரை மணியில் வந்துவிடும். ஆனால் முதல் பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, டாக்சிகளும் மிகக் குறைவு. மேலே போய்ச் சேர்ந்தது மூன்று மணிக்கு என்றால் கையில் இருப்பது மூன்றரை மணி நேரம். அதற்குள் ஒரே ஒரு இடத்தை நிதானமாகப் பார்க்கலாம். இயா, ஃபிரா, அக்ரோதிரி அகழாய்விடம், கருமணல் கடற்கரை எல்லாம் வேண்டும் என்கிறவர்கள் பஸ் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இயாவின் சூரிய அஸ்தமனம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலையில் அங்கே சூரியன் மறையும்போது இரவு எட்டரை தாண்டிவிடும். எட்டு மணிக் கடைசிப் படகு உள்ளவருக்கு அது கிடைக்காது, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போவதா தம்பி?" என்று மிகவும் வருந்திக் கேட்டார். "ஐயா, கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்போம், அங்கே கூட்டமும் இருக்காது" என்றேன். எரிமலைப் பள்ளத்தின் நடுவிலேயே கப்பல் நிற்பதால், தீவின் செம்பாறைச் சுவர் முழுவதும் ஒளி ஏறி இறங்குவதை அங்கிருந்துதான் முழுமையாகப் பார்க்க முடியும். அவரும் அவர் மனைவியும் இருட்டும்வரை உள்ளே வரவில்லை. இரவு பதினொன்று வரை நிற்கும் கப்பல்களும் உண்டு. அஸ்தமனம்தான் உங்கள் கனவு என்றால் அப்படிப்பட்ட கப்பலைத் தேர்ந்தெடுங்கள்.

இயாதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி: பழைய துறைமுகத்திலிருந்தே இயாவின் அடியில் உள்ள அம்மூதி துறைக்கு விசைப்படகும், அங்கிருந்து மேலே பஸ்ஸும் சேர்த்து உள்ளூர்க்காரர்கள் டிக்கெட் விற்கிறார்கள். ஏறும் கேபிள் கார் வரிசை மிச்சமாகும். பிறகு பஸ்ஸில் ஃபிரா வந்து கேபிள் காரில் இறங்கலாம். கப்பலின் சொந்தச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் அதினியோஸ் துறையில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸிலேயே மேலே கொண்டு போவார்கள். விலை அதிகம்தான். ஆனால் அந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நடக்கச் சிரமப்படுபவர்கள் அந்தப் பணத்தைக் கொடுப்பதே நல்லது. ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: சுற்றுலா ஃபிராவில் முடிந்து, இறங்குவது நம் பொறுப்பு என்று பல திட்டங்களில் இருக்கும்.

பெற்றோருடன் வருபவர்களுக்கு நான் சொல்வது ஃபிரா மட்டும் போதும் என்பதே. அங்கே 'வரலாற்றுக்கு முந்தைய தேரா' அருங்காட்சியகம் இருக்கிறது; தேரா என்பது சாண்டோரினியின் பழைய பெயர். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன அக்ரோதிரி நகரை 1967-இல் தொல்லியலாளர் ஸ்பைரிடோன் மரினாடோஸ் தோண்டத் தொடங்கினார். மாடி வீடுகளும் கழிவுநீர் வாய்க்கால்களும் கொண்ட நகரம் அது. அங்கே கிடைத்து இந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் சுவரோவியங்களில் ஒன்று, பாறைகளில் தாவும் நீலக் குரங்குகள். வாலை உயர்த்தி வளைத்திருக்கும் விதத்தைக் கொண்டு அவை நம் துணைக்கண்டத்தின் சாம்பல் மந்திகள் என்று 2019-இல் ஓர் ஆய்வுக் குழு எழுதியது. கிரேக்கத்தில் குரங்குகளே இல்லை. மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தீவு ஓவியனுக்கு நம் மந்தியின் வால் எப்படித் தெரிந்தது என்று அந்தச் சுவரின் முன் நின்று யோசிப்பது, எனக்கு இயாவின் நீலக் குவிமாடங்களைவிடப் பெரிய அனுபவம். அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இனி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. ஏதென்ஸ் அருகிலிருந்து புறப்படும் கப்பல்கள் பல, கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே துருக்கியின் குசாதாசிக்கும் போகின்றன. அங்கே போனதும், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறிவிட்டோம். மீண்டும் பட்மோஸ், ரோட்ஸ் போன்ற கிரேக்கத் தீவுக்கு வரும்போது அது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா போதாது, பல நுழைவு விசா வேண்டும். விசா விண்ணப்பத்தோடு கப்பலின் முழு வழித்தடத்தையும் இணைத்து, பல நுழைவு வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். விசா கையில் வந்ததும் முதல் வேலையாக அந்த ஒரு வரியைப் படியுங்கள். விமான நிலையத்தில் பார்த்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதும் இதனுடன் சேர்ந்ததே. தனியாகப் போனவருக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போக வேண்டும். அடுத்தது கிரேக்கத் தீவு என்றால் பயணியர் கப்பலிலோ விமானத்திலோ எப்படியாவது போய்விடலாம். குசாதாசி என்றால், துருக்கி விசா, விமானம், பஸ் என்று சிக்கல் பெருகும். பல கப்பல்களில் நம் பாஸ்போர்ட்டை வரவேற்பு மேசையில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எனவே பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகலும், உள்ளூர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் கையில் இருக்க வேண்டும். அந்த எண் கப்பலின் அன்றைய தாளில் அச்சாகியிருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். துருக்கிக் கரையை ஒட்டிய கிரேக்கத் தீவுகளில் போன் துருக்கி நெட்வொர்க்குக்குத் தாவிவிடும். ஐரோப்பாவுக்கு மட்டும் வாங்கிய ரோமிங் திட்டம் அங்கே செல்லாது.

மாத்திரைகள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 'மாலையில் திரும்பிவிடுவோமே' என்று எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டு இறங்கக் கூடாது. காற்று எழுந்து டெண்டர் படகுகள் சில மணி நேரம் நின்றுபோனதும் உண்டு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய இரவு மருந்தும் மறுநாள் காலை மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112 என்ற எண் கிரேக்கம் முழுவதும் இயங்கும்.

வெயிலைப் பற்றி நம்மவர்களுக்கு ஓர் அலட்சியம் இருக்கிறது. 'எங்கள் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன?' என்பார்கள். தீவின் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், உடலில் நீர் குறைவதே தெரியாது. பாதைகளில் மரமும் இருக்காது. 2024 ஜூன் 5 அன்று சிமி தீவில் பிற்பகல் வெயிலில் தனியாக நடந்து சென்ற பிரிட்டன் மருத்துவரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளருமான மைக்கேல் மோஸ்லியின் உடல் நான்கு நாட்கள் கழித்துத்தான் கிடைத்தது. உடல்நலத்தைப் பற்றியே மக்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நண்பகல் முதல் நான்கு மணி வரை நீண்ட நடை வேண்டாம், தனியாக வேண்டவே வேண்டாம். குடை அங்கே காற்றில் மடங்கிவிடும். தாடையில் கட்டும் நாடாவுள்ள தொப்பி நல்லது.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சாண்டோரினியின் ஃபாவா நம் பருப்பு மசியலைப் போலவே இருக்கும், மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். அந்தத் தீவின் சிறு தக்காளியில் செய்யும் பொரித்த உருண்டையும் உண்டு. திராட்சை இலையில் சாதம் பொதிந்த தோல்மாதெஸ் வாங்கும்போது மட்டும் உள்ளே கொத்துக்கறி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மற்றத் தீவுகளில் கணக்கு வேறு. ரோட்ஸில் கப்பல் துறையிலேயே கட்டப்படும். பத்து நிமிட நடையில் கோட்டைச் சுவருக்குள் போய்விடலாம், பெரியவர்களுக்கு மிக வசதியான தீவு அதுதான். கூழாங்கல் பதித்த தெருக்களின் பாதிப்பு முழங்காலுக்குத் தெரியும் என்பதால் தடித்த அடிப்பாகமுள்ள காலணி போடுங்கள். கிரீட்டின் ஹெராக்லியோனில் இறங்கினால் க்னோசோஸ் அரண்மனை 5 கிலோமீட்டர், நகரப் பஸ்ஸே போகும். மைகோனோஸில் கடைத்தெருவைவிட, பக்கத்திலுள்ள டெலோஸ் தீவுக்கு அரை மணிப் படகில் போய் வருவதை நான் பரிந்துரைப்பேன். திரும்பும் படகின் நேரத்தை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 2025 ஜூலை முதல் கிரேக்க அரசு கப்பல் பயணிகளிடம் தனிக் கட்டணம் வாங்குகிறது. சாண்டோரினி, மைகோனோஸ் இரண்டிலும் கோடை மாதங்களில் தலைக்கு 20 யூரோ. பெரும்பாலும் கப்பல் கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

கடைசியாகக் காற்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்ற காற்று வலுத்தால் டெண்டர் படகுகளை இயக்க முடியாது. கேப்டன் அந்தத் தீவையே விட்டுவிட்டுப் போய்விடுவார். அவருடன் வாதாடிப் பயனில்லை, அவர் முடிவு உயிர்களைக் காப்பதற்கானது. கப்பலிடம் வாங்கிய சுற்றுலாவுக்கு அப்போது பணம் திரும்பிவிடும். வெளியே தனியாகப் பதிவு செய்த காருக்கும் வழிகாட்டிக்கும் திரும்புமா என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனையைப் பொறுத்தது. பணம் கட்டும் முன், கப்பல் வராமல் போனால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் வேறு ஒருவரைப் பாருங்கள்.