தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் எடை குறையவில்லையா?

"தைராய்டு இருக்கு டாக்டர், அதான் ஊதிட்டே போறேன்." வாரத்துக்கு நாலு பேராவது இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என் எதிரே உட்காருகிறார்கள். தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது, கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி. அது சரியாகச் சுரக்காமல் போவதைத்தான் நம் ஊரில் 'தைராய்டு இருக்கு' என்கிறோம். இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு இருந்தது.

போன வருடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 43, வீட்டிலேயே தையல் வேலை. ஆறு வருடத்தில் 62 கிலோவிலிருந்து 76-க்கு வந்துவிட்டார். தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின், அதாவது தைராய்டு ஹார்மோன் மாத்திரை, சாப்பிடுகிறார். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 18. தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் ஹார்மோன் இது; தைராய்டு குறையும்போது இது ஏறும். நான்கைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

"மாத்திரையை எப்படிச் சாப்பிடுறீங்க?"

"வெறும் வயித்துலதான் டாக்டர்."

எல்லோரும் சொல்லும் பதில்தான். சரி, காலையில் எழுந்ததிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன். ஐந்தரைக்கு எழுந்ததும் 'கேஸ் மாத்திரை'யும் தைராய்டு மாத்திரையும் ஒன்றாக. பால் காய்ந்ததும், அதாவது பத்தே நிமிடத்தில், காபி. ஏழரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை. தைராக்சின் பாட்டில் இருந்த இடம் அடுப்புக்குப் பக்கத்து அலமாரி.

தைராக்சின் கொஞ்சம் கோபக்காரி. காபியோடு போனால் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. மாத்திரைக்குப் பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. இரும்பும் கால்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை பலருக்கு உறிஞ்சுதலைக் குறைத்துவிடும். வெப்பமும் ஈரமும் மாத்திரையின் வீரியத்தையே கெடுக்கும்.

அந்த இரும்பு மாத்திரைக்குப் பின்னால் ஒரு கதை. தைராய்டு குறைந்தால் சிலருக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகும். இவருக்கும் அப்படித்தான், அதனால் ரத்தசோகை, அதற்காக இரும்பு. அந்த இரும்பே தைராய்டு மாத்திரையை வேலை செய்யவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. கேஸ் மாத்திரையோ, இரண்டு வருடத்துக்கு முன் வந்த வயிற்று எரிச்சலுக்கு எழுதிக் கொடுத்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவரும் நிறுத்தவில்லை.

அளவைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் மாற்றினேன். காலையில் காபி இல்லாமல் ஒரு மணி நேரம் முடியவே முடியாது என்றார். அப்படிப்பட்டவர்கள் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது போடலாம். இரும்பும் கால்சியமும் மதியத்துக்குப் போயின. கேஸ் மாத்திரை அவருக்கு இப்போது தேவைப்படவில்லை, நிறுத்தினோம். (நீங்களாக நிறுத்தாதீர்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.) இன்னொன்று: முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் சில ஆய்வகங்களில் முடிவு தப்பாக வரும்.

ஏழு வாரம் கழித்து டி.எஸ்.எச். 3.1. மலச்சிக்கல் போயிருந்தது, காலையில் எழ முடிகிறது என்றார். எடை 73.5.

"இவ்வளவுதானா டாக்டர்?"

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மனம் உடைந்து போகிறார்கள். தைராய்டு குறைபாடு மட்டுமே ஏற்றும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோ. அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கிய உப்பும் நீரும். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், முகமும் உடலும் வீங்கிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். வீக்கம் வடிந்தது, அந்தப் பெண் அதன்பின் 28 வருடம் வாழ்ந்தார். இன்றும் மாத்திரை செய்வது அதே வேலைதான், வீக்கத்தை வடியவைக்கும். மீதி பத்துப் பதினோரு கிலோவும் கொழுப்பு, அது தானாக வடியாது.

ஆனால் அந்தக் கொழுப்புக்கு அவர்மீது பழி போடவும் எனக்கு மனமில்லை. உடம்பு கனத்து, எப்போதும் அசதியாக இருந்த வருடங்களில் அவர் நடப்பதை நிறுத்தியிருந்தார். தூக்கம் கலைய டீ, டீயோடு இரண்டு பிஸ்கட். அசதி போன பிறகும் அந்தப் பழக்கங்கள் அப்படியே இருந்தன. 'உங்களுக்குத் தைராய்டு, எடை ஏறத்தான் செய்யும்' என்று ஒரே வரியில் அனுப்பிவிடும் எங்கள் பங்கும் இதில் உண்டு.

பட்டினி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கடும் பட்டினியில் உடல் தன் தைராய்டு ஹார்மோனின் வேலையையே குறைத்துக்கொள்ளும். அப்புறம் என் வழக்கமான கேள்வி: வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்? நாலு பேருக்கு ஐந்து லிட்டர் என்றார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல், சுமார் 340 கலோரி. அதில் பாதி போதும். ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் இன்னொரு 180 கலோரி.

வேடிக்கை என்னவென்றால், தைராய்டுக்கு ஆகாது என்று யாரோ சொன்னதால் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாரத்துக்கு நான்கு நாள் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார். வேகவைத்துச் சாப்பிடும் அளவில் இந்தக் காய்கள் எதுவும் செய்யாது. இந்துப்புக்கு மாறியிருந்தார், அதையும் விட்டு அயோடின் உப்புக்குத் திரும்பச் சொன்னேன்.

மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் சுண்டலும் முட்டையும். ஒரு ஜாக்கெட் தைத்து முடித்தால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். சாயங்காலம் அரை மணி நேர நடை. எட்டு மாதத்தில் 67-க்கு வந்தார். நடுவில் இரண்டு மாதம் முள் அசையவே இல்லை. அதுவும் வழக்கம்தான்.

சென்ற மாதம் நாத்தனாரையும் அழைத்து வந்திருந்தார். நாத்தனாரின் டி.எஸ்.எச். 2, தைராய்டில் எந்தக் குறையும் இல்லை. "அண்ணிக்குக் குடுத்த மாத்திரையை எனக்கும் எழுதிக் குடுங்க, நானும் இளைக்கணும்" என்றார். தேவையில்லாதவர் தைராக்சின் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தசையும் தேயும். எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரக்குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "உங்க வீட்டுல மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய்?"

அவர் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி சிரித்துக்கொண்டே, "நான் சொன்னேன்ல, இதைத்தான் கேப்பாங்கன்னு" என்றார்.