டேங்கில் காத்திருக்கும் எரிபொருள்

மின்சாரம் போன நான்காவது நிமிடத்திலேயே ஜெனரேட்டர் திணறி நின்றுவிட்டது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன்; எஞ்சினில் பழுது இல்லை. டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் தேங்கும் கிண்ணத்தைத் திறந்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்தேன். சற்று நேரத்தில் நடுவே ஒரு கோடு விழுந்தது. மேலே மஞ்சளாக எரிபொருள். கீழே தண்ணீர் போலத் தெளிந்த திரவம். டீசல், தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் பயோடீசல், எத்தனால் என்ற ஆல்கஹால் மூன்றும் கலந்ததை நிரப்பிவிட்டு, இரண்டு மாதம் ஓட்டாமலேயே வைத்திருந்தார்கள்.

எத்தனாலும் டீசலும் எளிதில் ஒட்டுவதில்லை. பயோடீசல்தான் இடையில் நின்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. டேங்கின் உட்சுவரில் வியர்த்து இறங்கும் ஈரம் சேரச் சேர அந்தப் பிடி தளர்ந்து, எத்தனால் தண்ணீரோடு போய்விடுகிறது. அந்த அடுக்கு, சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எட்டினால் எஞ்சின் நிற்காமல் என்ன செய்யும்?

கலவை பிரியாமல் இருந்தாலும் எஞ்சினின் நடை மாறும். எரிபொருள் எவ்வளவு எளிதில் தானாகப் பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் டீசலுக்கு 50-ஐ ஒட்டியது; எத்தனாலுக்கு 10-க்கும் கீழே. அதனால் பீய்ச்சிய எரிபொருள் தாமதமாகப் பற்றுகிறது. ஆவியாகும்போது எத்தனால் டீசலைவிடச் சுமார் மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சுவதால், குறைந்த லோடில் (மின்சுமையில்) சிலிண்டர் குளிர்ந்து, கார்பன் மோனாக்சைடும் எரியாத எரிபொருளும் புகையில் கூடுகின்றன. லோடு ஏறினால் கதை வேறு. எத்தனாலின் எடையில் ஏறக்குறைய 35 சதவீதம் ஆக்சிஜன். அதனால் கரும்புகை கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. இந்த நன்மையை நான் மறுக்கவே மாட்டேன்.

கிலோவுக்கு டீசல் ஏறத்தாழ 43 மெகாஜூல் ஆற்றல் தருகிறது. பயோடீசல் 37 அல்லது 38, எத்தனால் 27. இருந்தும் மீட்டரில் வித்தியாசம் தெரியாது. மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸாக இருப்பதற்காக நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் எஞ்சினை, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற கருவி கூடுதல் எரிபொருள் விட்டுக் காப்பாற்றிவிடும். முழு லோடில் அதற்கு மேல் விட இடமிருக்காது. அப்போதுதான் ஹெர்ட்ஸ் இறங்கும்.

எத்தனாலுக்குப் பதில் பியூட்டனால் என்ற இன்னொரு ஆல்கஹாலைக் கலந்தால் இந்தத் தொல்லைகள் குறைவு. அதன் ஆற்றல் கிலோவுக்கு 33 மெகாஜூல், டீசலோடும் நன்றாகக் கலக்கும். எந்த ஆல்கஹாலானாலும் ரப்பர் குழாய்களும் சீல்களும் அதைத் தாங்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னை உண்மையில் அச்சுறுத்துவது தீ. சாதாரண டீசலின் ஆவி தீப்பொறியில் பற்ற 50 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். எத்தனாலுக்கு 13, 14 டிகிரியே போதும். கொஞ்சம் கலந்தாலும் மொத்தக் கலவையும் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. டீசலுக்கென்று கட்டிய அறையில், பழைய சுவிட்சுகளுக்குப் பக்கத்தில், பெட்ரோலுக்கு நிகரான ஆபத்தை வைத்திருக்கிறோம் என்று பலருக்குத் தெரிவதில்லை.

அவசரத்துக்கு மட்டும் ஓடும் ஜெனரேட்டரில் எத்தனால் கலவையை நிரப்பாதீர்கள். ஏற்கெனவே நிரப்பியிருந்தால், எரிபொருளை மின்சுவிட்சுகளுக்கு அப்பால் வைத்து, டேங்கின் அடிக்குழாயிலிருந்து வாரம் ஒருமுறை கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஸ்டார்ட் செய்யாமல், டேங்கை முழுவதும் காலி செய்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள்.