மனைக்குள் வீடு எங்கே நிற்கலாம்? செட்பேக் விதி விளக்கம்

வீடு கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் அறைகளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை படுக்கையறை, சமையலறை எந்தப் பக்கம் என்று ஆசை ஆசையாக வரைந்து முடித்த பிறகு, அதை மனைக்குள் பொருத்தப் பார்க்கிறார்கள். பிளான் அனுமதிக்குப் போய்த் திரும்பி வரும்போதுதான் செட்பேக் என்ற சொல்லே பலர் காதில் விழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். கட்டக்கூடாத இடத்தை முதலில் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் வீட்டை வையுங்கள்.

மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே சட்டப்படி காலியாக விட வேண்டிய இடம்தான் செட்பேக். முன்புறம், பின்புறம், இரு பக்கவாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவு உண்டு. அந்த அளவு ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரிலும் சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். மூலை மனை என்றால் இரண்டு சாலைப் பக்கத்துக்கும் முன்புற அளவைக் கேட்கும் விதிகள் உண்டு. மூலை மனையை விரும்பி வாங்குகிறவர்கள் இதை விலை பேசும்போதே கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். மனை 12 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம். மொத்தம் 216 சதுர மீட்டர். உங்கள் ஊர் விதி முன்னால் 3 மீட்டர், பின்னால் 1.5, பக்கத்துக்கு 1.5 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 9 மீட்டருக்கு 13.5 மீட்டர், அதாவது 121.5 சதுர மீட்டர். மனையின் பாதிக்குச் சற்று மேல். இத்தோடு, தரைத்தளம் மனையில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தால் 108 சதுர மீட்டர்தான் கட்டலாம். எல்லா மாடிகளையும் சேர்த்து எவ்வளவு கட்டலாம் என்பது எஃப்.எஸ்.ஐ. என்னும் தளப்பரப்பு விகிதம். அது தனிக் கணக்கு. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். ஒன்று சரியாக இருப்பதால் மற்றொன்று தள்ளுபடி ஆகாது.

இந்த இடைவெளி எதற்கு என்று தெரிந்தால், இடத்தை எரிச்சலோடு விடாமல் புரிந்துகொண்டு விடுவோம். முதல் காரணம் தீ. 1666இல் லண்டன் எரிந்தபோது நெருக்கியடித்து நின்ற மரவீடுகள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டன. மறு ஆண்டே வந்த சட்டம் செங்கல், கல் சுவர்களைக் கட்டாயமாக்கியது. தெருவின் தரத்துக்கு ஏற்ப வீட்டின் உயரத்தையும் வகுத்தது. இன்றும் இங்கிலாந்தில் எல்லையிலிருந்து 1 மீட்டருக்குள் வரும் சுவரில் மிகச் சிறிய திறப்புகள் தவிர சாதாரண ஜன்னல் வைக்க முடியாது. இடைவெளி குறையக் குறைய ஜன்னல் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது வெளிச்சமும் அந்தரங்கமும். பிரான்ஸின் சிவில் சட்டம் பக்கத்து மனையை நேராகப் பார்க்கும் ஜன்னலுக்கு 1.90 மீட்டர் தூரமும், சாய்வாகப் பார்க்கும் ஜன்னலுக்கு 60 சென்டிமீட்டரும் கேட்கிறது. ஜப்பானின் சிவில் சட்டத்தில் கட்டடம் எல்லையிலிருந்து குறைந்தது 50 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு கட்டடத்துக்குள் 20 ஆண்டு தடையின்றி வந்துகொண்டிருந்த வெளிச்சமும் காற்றும் உரிமையாகவே ஆகிவிடலாம். ஆகவே பக்கத்து வீட்டின் பழைய ஜன்னல்கள் உங்கள் மனையை நோக்கித் திறந்திருந்தால், வரைவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

சாலைப் பக்கம்தான் பலர் தடுக்கி விழும் இடம். முன்புற அளவை எங்கிருந்து எடுக்க வேண்டும்? சில விதிகளில் மனையின் எல்லையிலிருந்து, சிலவற்றில் சாலையின் நடுக்கோட்டிலிருந்து. ஜப்பானில் 4 மீட்டருக்குக் குறுகலான பழைய தெருவில் கட்டினால், நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளியே எல்லை தொடங்குவதாகக் கொள்வார்கள். அந்தத் துண்டு உங்கள் பெயரில் இருந்தாலும் காம்பவுண்டு சுவர்கூட அங்கே எழுப்ப முடியாது. நாளை சாலை அகலப்படுத்தத் திட்டம் இருக்கிறதா என்று இன்றே கேட்பது இதனால்தான்.

மின்கம்பியை யாரும் பிளானில் வரைவதில்லை, ஆனால் அது உயிர் சம்பந்தப்பட்டது. இந்திய மின் பாதுகாப்பு விதிகளில், வீட்டு இணைப்புக்கான குறைந்த அழுத்தக் கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டரும் மேலே 2.5 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட்டுக்கு மேல் 33 கிலோவோல்ட் வரை என்றால் பக்கவாட்டில் 2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். இதைச் சுவரிலிருந்து மட்டும் அளந்துவிட்டு, பிறகு அதே பக்கம் பால்கனியை நீட்டாதீர்கள்.

செப்டிக் டேங்கும் கிணறும் வீட்டின் இடத்தையே முடிவு செய்துவிடக்கூடும். இங்கிலாந்தின் வழிகாட்டு அளவுகள் இவை: செப்டிக் டேங்க் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 7 மீட்டர், கழிவுநீரை மண்ணில் உறிஞ்சவிடும் இடம் கட்டடத்திலிருந்து 15 மீட்டர், குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து 50 மீட்டர். சின்ன மனையில் இதெல்லாம் அடங்காது. அப்படியானால் பொதுச் சாக்கடை இணைப்பு உண்டா என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து மனையின் கிணறு எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீர் அது.

இவ்வளவும் ஒதுக்கிய பிறகுதான் உங்கள் விருப்பம் வருகிறது, அதுவும் சிறியதல்ல. மேலே சொன்ன 108 சதுர மீட்டரை 9க்கு 12 ஆகக் கட்டினால் வீட்டை முன்னும் பின்னும் 1.5 மீட்டர் நகர்த்தலாம். 8க்கு 13.5 ஆகக் கட்டினால் பக்கவாட்டில் 1 மீட்டர் கிடைக்கும். அதை இரண்டு பக்கமும் அரை அரை மீட்டராகப் பிரிக்கும் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு ஒடுக்கமான சந்துகள்தான் மிஞ்சும். ஒரு பக்கம் விதி கேட்கும் 1.5 மீட்டரோடு நிறுத்தி, மறுபக்கம் 2.5 மீட்டர் விட்டால் அங்கே ஒரு மரம் நிற்கும், ஏணி வைக்கலாம், நல்ல ஜன்னல் திறக்கும். வெயில் கொளுத்தும் இடமானால் அந்த மரம் மேற்கே நிற்கட்டும். குளிர் நாடானால் வெயில் வரும் பக்கத்தைத் திறந்து விடுங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே தள்ளி இருக்கும் நாடுகளில் அது தெற்கு, தெற்கே தள்ளி இருக்கும் நாடுகளில் வடக்கு.

சன்ஷேடு, போர்டிகோ, வெளிப்படிக்கட்டு, ஏ.சி. யூனிட் ஆகியவை செட்பேக்குக்குள் எவ்வளவு நீளலாம் என்று உங்கள் ஊர் விதியில் தனியாக எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைத் தவறாமல் படியுங்கள். அனுமதி வாங்கிய வீட்டைக்கூட விதிமீறலாக்குவது பெரும்பாலும் பிறகு சேர்த்த படிக்கட்டுதான்.

கடைசியில் மார்க்கிங், அதாவது வீட்டின் கோடுகளைத் தரையில் குறிப்பது. காகிதத்தில் சரியாக இருந்த வீடு தரையில் தவறுவது இங்கேதான். பழைய காம்பவுண்டு சுவரையே எல்லை என்று நம்பி நூல் பிடிக்காதீர்கள். சுவர் உள்ளே தள்ளியோ வெளியே தள்ளியோ கட்டப்பட்டிருக்கலாம். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து எல்லைக்கற்களைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளக்கச் சொல்லுங்கள். பூச்சு, கிளாடிங் என்னும் மேலொட்டு எல்லாம் முடிந்த வெளிமுகத்துக்குத்தான் செட்பேக் அளப்பார்கள் என்றால், 5 சென்டிமீட்டராவது கூட விடுங்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள், நான்கு மூலையிலிருந்தும் எல்லைக்கு உள்ள தூரத்தை மறுபடி அளந்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வீட்டை நகர்த்த நூலை அவிழ்த்துக் கட்டி, வானத்தைத் திருத்தித் தோண்டினால் போதும்.