பேக்லாக் என்றால் நிலுவை அல்ல

"தயாரிப்பு நிலுவை" என்று இன்னொரு ஆவணத்திலும் பார்த்துவிட்டேன். மென்பொருள் குழு ஒரு தயாரிப்பில் இனிச் செய்யக்கூடியவற்றைக் குறித்து வைக்கும் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் பிராடக்ட் பேக்லாக் என்று பெயர், அதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில், ஸ்பிரிண்ட் என்ற குறுகிய வேலைச் சுற்றுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஸ்பிரிண்ட் பேக்லாக் "குறுவோட்ட நிலுவை" ஆகியிருந்தது. முதல் தடவை கண்ணில் பட்டபோது யாரோ அவசரத்தில் எழுதியது என்று விட்டேன். இப்போது கையேடு, பயிற்சிக் குறிப்பு, மென்பொருள் திரை என்று எங்கே திரும்பினாலும் நிலுவைதான். இப்படிச் சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்யும் அஜைல் குழு எப்படி இயங்குகிறது என்பதையே இந்த ஒரு சொல் தலைகீழாகக் காட்டிவிடுகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொல் வந்த வழி. பேக்லாக் என்பது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் கணப்பின் (குளிர்காயும் அடுப்பின்) பின்சுவரை ஒட்டிப் போடும் பெரிய கட்டைக்குப் பெயர். முன்னால் போட்ட விறகு எரிந்து தீர்ந்தாலும் பின்னால் கிடக்கும் கட்டை மெதுவாகக் கனன்று தீயை அணையவிடாது. அதிலிருந்து 'பின்னால் உதவும் என்று சேர்த்து வைத்தது' என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. முடிக்காமல் குவிந்துபோன வேலை என்ற பொருள் நிலைத்தது 20-ஆம் நூற்றாண்டில். பல அகராதிகளில் இந்தக் கடைசிப் பொருள் முதலில் நிற்கும், மொழிபெயர்ப்பவர் அதோடு நின்றுவிடுகிறார்.

மென்பொருள் குழுக்களிடம் இந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அஜைல் வேலைமுறைகளில் ஒன்றான ஸ்க்ரம். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் 1995-இல் முன்வைத்த முறை அது, 2010-இல் அதற்கு ஒரு வழிகாட்டியும் எழுதினார்கள். அந்த வழிகாட்டியின் 2020 பதிப்பு பிராடக்ட் பேக்லாக்கை எப்படி விளக்குகிறது என்று பாருங்கள்: தயாரிப்பை மேம்படுத்தத் தேவையானவற்றின் பட்டியல், போகப்போக உருவாகி வருவது, வரிசைப்படுத்தப்பட்டது. தாமதம், பாக்கி, தவறிய கெடு, இதில் ஒன்றாவது இருக்கிறதா?

இப்போது நிலுவைக்கு வருவோம். நில் என்ற வினையிலிருந்து வந்த நல்ல சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது தமிழில் எதோடு சேர்ந்து புழங்குகிறது? நிலுவைத் தொகை, நிலுவை வரி, நிலுவை வழக்கு. நிலுவையை வசூலிப்பார்கள், அடைப்பார்கள், தீர்ப்பார்கள், முடியாவிட்டால் தள்ளுபடி செய்வார்கள். நிலுவை வைத்தவர் தலைகுனிந்து நிற்பார். கொடுக்க வேண்டியதை வேளைக்குக் கொடுக்கவில்லை என்ற குற்றம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நீதிமன்றத்தில் தேங்கிய வழக்குகளை ஆங்கிலத்தில் பேக்லாக் என்றால் தமிழில் நிலுவை என்பது மிகச் சரி. ஆங்கிலம் இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் அடக்குகிறது என்பதற்காக நாமும் ஏன் அடக்க வேண்டும்? பிரித்துச் சொல்ல நம்மிடம் சொல் இருக்கிறதே.

ஒரு புதுத் தயாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழு இன்றைக்குத்தான் கூடியிருக்கிறது, ஒரு வரி நிரல் எழுதவில்லை. ஆனாலும் பேக்லாக் இருக்கும், அங்கிருந்துதான் வேலையே தொடங்கும். முதல் நாளே ஒருவர் எப்படி நிலுவை வைக்க முடியும்? மறுமுனையையும் பாருங்கள். நிலுவை பூஜ்யம் ஆனால் கொண்டாட வேண்டும். பேக்லாக் பூஜ்யம் ஆனால் அந்தத் தயாரிப்பில் இனிச் செய்ய யாருக்கும் எதுவும் தோன்றவில்லை என்று பொருள், கணப்பில் கட்டை தீர்ந்த மாதிரி.

பட்டியலுக்குள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மேலே இருப்பது இப்படி இருக்கும்: "எழுத்துப் பிழையோடு தேடினாலும் சரியான பெயர் முதல் 5 முடிவுகளுக்குள் வர வேண்டும்". அதற்குக் கீழே எப்படிச் சோதிப்பது என்று நாலு வரி. அடியில் கிடப்பது இப்படி: "இருண்ட தோற்றம்?" அவ்வளவுதான், கேள்விக்குறியோடு. அதை யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் மேலே வரலாம், ஒரு வருடம் அங்கேயே கிடக்கலாம், பட்டியலுக்குப் பொறுப்பான பிராடக்ட் ஓனர் ஒருநாள் அழித்தும் விடலாம். அழித்தால் யாருக்கும் நட்டமில்லை. கடனை இப்படி அழிக்க முடியுமா?

ஸ்பிரிண்ட் பேக்லாக்காவது கெடுவுக்குள் செய்ய ஒப்புக்கொண்டதுதானே, அது நிலுவை ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. அது ஸ்பிரிண்ட்டின் தொடக்கத்தில் எடுத்துக்கொள்கிற வேலை, தொடக்கத்திலேயே நிலுவை எங்கிருந்து வரும்? அதோடு, வழிகாட்டி இப்போது குழுவைக் கட்டுப்படுத்துவது ஸ்பிரிண்ட்டின் இலக்குக்குத்தான், பட்டியலில் உள்ள ஒவ்வொரு உருப்படிக்கும் இல்லை. முடியாமல் மிஞ்சியவை பிராடக்ட் பேக்லாக்குக்கே திரும்பும், அங்கே மறுபடி எடைபோட்டு வைப்பார்கள்.

இதே துறையில் கடனுக்கென்று தனியாக ஒரு சொல் இருக்கிறது என்பது வேறு. வார்ட் கன்னிங்ஹாம் 1992-இல் முன்வைத்த தொழில்நுட்பக் கடன். இப்போதைக்கு ஒப்பேற்றிவிட்டு அப்புறம் சீர்செய்வோம் என்று எழுதுகிற நிரல் பின்னால் வட்டியோடு வந்து நிற்கும் என்ற உவமை. நிலுவை என்ற சொல் யாருக்காவது வேண்டுமென்றால் அங்கே தாராளமாக வைக்கலாம், அச்சாகப் பொருந்தும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை என்று நான் கற்றுக்கொண்டது ஒரு மாதாந்திர அறிக்கையில். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்காகத் தமிழில் எழுதியது, அதில் "நிலுவைப் பணிகள்: 140" என்று ஒரு வரி. மறுநாள் காலை அவர்களில் ஒருவர் அழைத்தார். "140 வேலையைப் பாக்கி வச்சிட்டு எல்லாம் திட்டப்படி போகுதுன்னு எழுதியிருக்கீங்களே சார்?" அந்த 140-இல் ஒன்று பழைய ரசீதை மறுபடி அச்சிடும் வசதி. அது அவர்களே ஒரு பேச்சில் 'இருந்தால் நன்றாக இருக்கும்' என்று சொல்லி நாங்கள் குறித்து வைத்தது. அவர் மேல் தவறே இல்லை. நிலுவை என்று நாங்கள் எழுதினோம், நிலுவை என்று அவர் படித்தார்.

பேக்லாக்குக்கு வைத்த மற்ற சொற்களில் "பின்பதிவு" பேசவே தகுதியற்றது, லாக் என்றால் கட்டை, பதிவேடு இரண்டும் என்பதால் கட்டையைப் பதிவேடு என்று எண்ணி ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். "பணித்தேக்கம்" கொஞ்சம் மேல், ஆனால் தேக்கம் என்றால் அடைப்பு, ஓட்டம் நின்றது என்றே தமிழ்க் காது கேட்கும். "பணிவரிசை" எனக்கு ஒரு காலம் பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால் கணினியில் வரிசை என்பது முதலில் வந்தது முதலில் போகிற அமைப்புக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது, பேக்லாக்கில் நேற்று வந்தது இன்று உச்சிக்குப் போகலாம்.

என் தேர்வு பணியிருப்பு. இருப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல், கையிருப்பு என்று நாள்தோறும் சொல்கிறோம், கணப்புக் கட்டையின் பழைய பொருளுக்கும் நேராகப் போய்ச் சேர்கிறது. வினையோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: பணியிருப்பில் சேர், பணியிருப்பிலிருந்து எடு, பணியிருப்பைச் செப்பனிடு. ஒன்றும் இடறவில்லை. வரிசை என்ற கருத்து இதில் இல்லையே என்றால், ஆங்கிலச் சொல்லிலும் இல்லை, அதை விளக்கம்தான் சொல்கிறது. இதுவும் பிடிக்காதவர்கள் பேக்லாக் என்றே தமிழ் எழுத்தில் எழுதட்டும், எனக்கு முழுச் சம்மதம். தப்பான தமிழ்ச் சொல்லைவிடச் சரியாகப் புரிகிற கடன்சொல் மேல் என்பதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

வேலை நடக்கும் இடத்தைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பது இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஒரு ஸ்பிரிண்ட்டில் குழு முடித்த வேலையின் அளவை வெலாசிட்டி என்பார்கள், அதற்குத் "திசைவேகம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். இயற்பியல் பாடத்தில் சரியான சொல். குழுவுக்கு எந்தத் திசை? "முடிப்பளவு" என்றால் கேட்டவுடன் புரியும். எழுதுகிறவர் ஒரே ஒரு திட்டமிடல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

அந்த அறிக்கையில் அடுத்த மாதம் "பணியிருப்பு: 152" என்று மாற்றி, கீழே ஒரு வரி விளக்கமும் போட்டேன். எண் கூடியிருந்தது. அதே ஆள்தான் அழைத்தார், இந்த முறை கேள்வி வேறு: "அந்த ரசீது அச்சிடுறது கீழே கிடக்குதே, அதைக் கொஞ்சம் மேலே கொண்டுவர முடியுமா?"