தடிமன் காய்ச்சலுக்குள் ஒளிந்துவரும் மாரடைப்பு

“அப்பாவுக்கு நாலு நாளாத் தடிமன் காய்ச்சல். விடிய நெஞ்சை அடைக்குது எண்டார். ஆஸ்பத்திரியில மாரடைப்பு எண்டு சொல்லினம். சளிக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?” சாவகச்சேரியிலிருந்து வந்த கேள்வி இது.

நெருங்கிய தொடர்பு உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வில், கடும் தடிமன் காய்ச்சலைத் தரும் இன்புளுவென்சா வைரஸ் தொற்று உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு ஏறத்தாழ 6 மடங்கு கூடியிருந்தது.

ஒரு வழி பலருக்கும் தெரிந்தது. இதயத்தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுருநாடியில் முன்பே படிந்த கொழுப்பின் மெல்லிய மேல்மூடியை, தொற்றால் எழும் அழற்சி அரிக்கும். மூடி வெடித்தால் அதன்மேல் குருதி உறையும்.

மற்ற வழிதான் வியப்பானது. நாம் சும்மா இருக்கும்போதே இதயத்தசை தனக்கு வரும் ஒட்சிசனில் ஏறத்தாழ 70 சதவீதத்தை உறிஞ்சிவிடும். மேலும் வேண்டுமென்றால் குருதியோட்டம் கூடியே ஆகவேண்டும். ஆனால் இடது இதயவறை சுருங்கும்போது, அந்தத் தசையே தனக்குள் ஓடும் குழாய்களை நெரிக்கிறது. ஆகவே அது தளரும் இடைவெளியில்தான் பெரும்பங்கு குருதியைப் பெறுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், 60 செக்கனில் பாதிக்கு மேல் தளர்வு. காய்ச்சல் ஒரு பாகை செல்சியஸ் ஏற, துடிப்பு சுமார் 10 கூடும். 120ஐத் தொட்டால் தளர்வு நேரம் வெகுவாகச் சுருங்கிவிடும். வேலை கூட, ஊட்டம் குறைகிறது! நியூமோனியாவால் ஒட்சிசனும் இறங்கினால், முன்பே ஒடுங்கிய நாடி உள்ளவர் தாங்கமாட்டார்.

இந்த இரண்டாவது வகைக்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து உதவாது. காய்ச்சலையும் ஒட்சிசன் குறைவையும் சரிசெய்ய வேண்டும். வைரஸால் இதயத்தசையே அழன்றாலும், இதயத்தசைச் சேதத்தைக் குருதியில் காட்டும் ட்ரோபோனின் உயரும். அதனால்தான் ஒரு குருதிப் பரிசோதனையோடு நிற்காமல் ஈ.சி.ஜி.யும் எக்கோ எனும் இதய ஸ்கேனும் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்.

நெஞ்சிறுக்கத்தை வாய்வு என்று ஓமத்தண்ணியும் சோடாவும் கொடுத்துக் காத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. நாடி அடைபட்டே கிடந்தால் இறந்த தசை மெதுமையாகி, சில நாட்களில் இதயச்சுவர் கிழியலாம். வால்வைப் பிடித்திருக்கும் தசை அறுந்தால் நுரையீரலில் திடீரென நீர் கோக்கும். நெஞ்சிறுக்கம், குளிர்ந்த வியர்வை, படுக்கவிடாத இளைப்பு எது வந்தாலும் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். நீரிழிவுக்காரருக்கு நோவே இல்லாமலும் வரும்.

காய்ச்சலுக்கு, வளர்ந்தவர் பனடோல் 500 மி.கி. குளிசை இரண்டை 6 மணிக்கொரு தடவை எடுக்கலாம்; நாளுக்கு 8க்கு மேல் கூடாது. ஈரல் நோயாளிகள் அளவை வைத்தியரிடம் கேட்கவேண்டும். இதயநோயாளிகள் டைக்ளோபெனாக் என்ற நோவு மருந்தைத் தொடக்கூடாது: அது மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும், டெங்கு என்றால் குருதிக்கசிவும் சேரும். வழக்கமான இதய மருந்துகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது. டெங்குச் சந்தேகம் இருந்தால் அஸ்பிரின் பற்றி அன்றே வைத்தியரிடம் கேளுங்கள்.

மாரடைப்புக்குப் பின் இன்புளுவென்சாத் தடுப்பூசி போட்டவர்களில் அடுத்த ஓராண்டு மரணம் குறைந்ததை 2021இல் வெளியான பரிசோதனை காட்டியது. இதயக் கிளினிக்குக்கு வரும் ஒவ்வொருவருக்கும் மாரி தொடங்குமுன் அந்த ஊசியை அரசு இலவசமாகப் போடவேண்டும் என்பதே என் கருத்து.