பனித்தல்: குவளையின் புறத்தே படியும் நீருக்கு ஒரு சொல்

குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் குவளையின் வெளிப்புறத்தில் முத்துமுத்தாகத் துளிகள் படிவதைக் காட்டி, அதனை ‘நீர் சுருங்குதல்’ என்று விளக்கிய பாடக் காணொளியொன்றை அண்மையில் மீண்டும் காண நேர்ந்தது. தேர்வுக் கையேடுகள் வரை பரவிவிட்ட இத்தொடரை இனியும் மறுக்காமல் விடுவது சரியன்று.

இந்நிகழ்வின் ஆங்கிலப் பெயரான ‘கண்டென்சேஷன்’ என்பது, ‘அடர்ந்த’ எனப் பொருள்படும் ‘டென்சஸ்’ என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. அடர்த்தியாக்குதல் என்பதே முதற்பொருள். ‘சுருங்குதல்’ அதிலிருந்து வந்த பெயர்ப்பு.

‘நீர் சுருங்குதல்’ என்றால் எழுவாய் நீர். ஆனால் குவளையைத் தொட்ட காற்றிலிருந்த ஆவியே நீராகிறது. நீர் அங்கே விளைவு. ‘ஆவி சுருங்குதல்’ என்று திருத்துவோரும் உளர். கொதிநிலையில் ஏறத்தாழ 1,670 மில்லிலிட்டர் இடத்தை நிரப்பும் ஒரு கிராம் நீராவி, நீரானதும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டரில் அடங்கிவிடுவதால், அத்திருத்தத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் குளிரில் தண்டவாளம் குறுகுவதற்கும் நாம் அதே சொல்லையே ஆள்கிறோம். சுருங்கிய இரும்பு இரும்பாகவே இருக்கிறது. காற்றடைத்த பலூனைக் குளிரவைத்தாலும் அது சுருங்கும். உள்ளே ஒரு துளி நீரும் தோன்ற வேண்டியதில்லை. வாயு நீர்மமாகும் நிலைமாற்றத்தைச் சொல்லாமல் அளவு குறைவதை மட்டும் சொல்லும் சொல், மாணவரின் மனத்தில் தவறான படத்தையே பதிக்கும். இலங்கை வழக்கான ‘ஒடுங்குதல்’ என்பதற்கும் இக்குறை உண்டு.

பேச்சில் ‘செம்பு வேர்த்திருக்கிறது’ என்பார்கள். அழகிய உவமைதான், ஆனால் வியர்வை உள்ளிருந்து வருவது. மண்பானைக்கு அது பொருந்தும், ஏனெனில் பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதாலேயே உள்நீர் குளிர்கிறது. செம்பில் நடப்பதோ நேரெதிர்.

நமக்குப் ‘பனித்தல்’ இருக்கிறது. கண் பனித்தது என்கிறோம். அப்பர் பாடிய ‘பனித்த சடை’ ஈரம் தோய்ந்த சடையே. புல்லில் பனி படிவதும் குவளையில் துளி படிவதும் ஒரே நிகழ்வு: பரப்பின் வெப்பநிலை, காற்றின் பனிபடுநிலைக்கு, அதாவது அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே இறங்குகிறது. 32 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் அந்நிலை ஏறத்தாழ 26 டிகிரி. ஆகவே குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த செம்பு உடனே பனிக்கிறது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி பனிப்பதும் இதனாலேயே.

பனி என்றால் இன்றைய இளையோர் இமயத்து வெண்பனியையே நினைப்பர் என்பது ஒரு மறுப்பு. மார்கழிப் புல்லின் துளிக்கும், வானிலிருந்து பொழியும் வெண்துகளுக்கும், உறைந்த கட்டிக்கும் வேறுபாடின்றிப் ‘பனி’ என்று மட்டும் எழுதிச் செல்லும் மொழிபெயர்ப்பாளர்களே இக்குழப்பத்தை வளர்த்தார்கள். அதற்காகப் பழைய வினைச்சொல்லைக் கைவிடலாகாது. வாலை என்னும் வடிகலத்தில் வடிக்கும்போதும் ஆலையின் நீராவிக் குழாய்களிலும் நிகழ்வதற்கு ‘ஆவி நீர்மமாதல்’ என்று விரித்தெழுதலாம். குவளைக்கும் சன்னல் கண்ணாடிக்கும் பனித்தலே போதும்.